எஞ்சின் மாற்றிய புல்லட்டில் புதுச் சத்தம்: காதா, கைபேசியா, ஆயிலா, ஸ்பேனரா?

என்னுடையது 1994 காஸ்ட் அயர்ன் புல்லட் 350. கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிப்பகுதிக் கூடு) ஏற்கெனவே இரண்டு முறை வெல்டிங் வைத்த இடம் மறுபடி விரிசல் விட்டதால், அதே வகையில் வேறொரு எஞ்சினை வாங்கி மாட்டினோம். கியர்பாக்ஸ் மட்டும் பழையது. இந்த வண்டியில் கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. எஞ்சினின் முதுகில் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அதனால் இப்படி ஒன்றை மாற்றி ஒன்றை வைத்துக்கொள்ள முடிகிறது.

முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் ஓடியதும் இடப்பக்கம் அடியிலிருந்து 'சரக் சரக்' என்று ஒரு சத்தம் தொடங்கியது. ஒரு மூத்த மெக்கானிக் கேட்டுவிட்டு, "தம்பி, இது ராடு அடி. இறக்கிப் பிரிச்சிடலாம்" என்றார். அவரிடம் வேலை செய்யும் பையன், "டேப்பட் மாதிரி இருக்குண்ணே" என்றான். டேப்பட் என்பது வால்வைத் திறக்கத் தள்ளும் பாகம்; அதைச் சரிசெய்வது கால் மணி நேர வேலை. ராடு என்பது பிஸ்டனை எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கோடு இணைப்பது; கோளாறு அதில் என்றால் எஞ்சினை மறுபடி இறக்கி, கிராங்கைப் பிரஸ்ஸில் ஏற்றும் வேலை. ஒரே சத்தத்துக்கு இவ்வளவு தூரமான இரண்டு பதில்கள் வரும்போது, எந்தச் சோதனையை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்த வாரம் நான்கு வழிகளையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தேன்.

முதலில் நீள ஸ்க்ரூடிரைவர். முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பது எல்லாப் பட்டறையிலும் உண்டு. மெக்கானிக்குகளுக்கென்று விற்கும் ஸ்டெதாஸ்கோப்பும் இதே வேலைதான். கொஞ்சம் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். சத்தம் மேலே ஹெட்டிலா, கீழே கிராங்க்கேஸிலா என்று பிரிக்க இது போதும். என் வண்டியில் ஹெட்டிலும் வலப்பக்க டேப்பட் மூடியிலும் சத்தம் மங்கலாக இருந்தது. இடப்பக்கம் கீழே கணீரென்று கேட்டது. டேப்பட் என்ற சந்தேகம் இதிலேயே பாதி போய்விட்டது.

ஆனால் உலோகம் சத்தத்தைக் கடத்திக்கொண்டே போகும். இடப்பக்கம் கீழே என்றால் பிக் எண்டாக (ராடு கிராங்கைப் பிடிக்கும் முனை) இருக்கலாம், மெயின் பேரிங்காக (கிராங்கைத் தாங்குவது) இருக்கலாம், பிரைமரி செயினாகவும் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) இருக்கலாம். இந்த இடத்தில்தான் நிறைய பேர் அவசரப்பட்டு எஞ்சினை இறக்குகிறார்கள். ஸ்க்ரூடிரைவர் வீட்டைக் காட்டும். வீட்டுக்குள் எந்த அறை என்று காட்டாது.

அடுத்தது கைபேசி. இதை முதலில் நான் நம்பவில்லை. சத்தம் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் ஃபோனின் மைக் தானாகவே அதைச் சமப்படுத்திவிடும். அதனால் 'நேற்றைவிட இன்று அதிகமா' என்று பார்க்கப் பதிவை நம்பக் கூடாது. யாருக்காவது அனுப்பி 'என்ன சத்தம் சொல்லுங்கள்' என்று கேட்பதும் வீண். ஆனால் தாளம் பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

கணக்கு இதுதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முறை வெடிக்கும். வால்வுகளும் அந்த இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் திறந்து மூடும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் நொடிக்கு 15 சுற்று. சைலன்சரின் 'டுப்' நொடிக்கு ஏழு அல்லது எட்டு. இதை நேரடியாகக் காதால் எண்ண முடியாது. பதிவைக் கால் வேகத்தில் ஓட்டினால் நொடிக்கு இரண்டு டுப்; எண்ணிவிடலாம். ஒரு டுப்புக்கு ஒரு சத்தம் வந்தால் டேப்பட், வால்வு, சைலன்சர் பைப் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் கசிவு என்று தேடலாம். ஒரு டுப்புக்கு இரண்டு சத்தம் வந்தால் கிராங்கின் வேகத்தில் சுற்றும் ஏதோ ஒன்று. என் பதிவில் தெளிவாக இரண்டு. டேப்பட் கதை அத்தோடு முடிந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பிஸ்டன் சத்தமும் பிக் எண்ட் அடியும் வெடிக்கும்போதுதான் பலமாக விழும். ஆகவே அவையும் டுப்புக்கு ஒன்றாகவே காதில் படலாம். ஒன்று என்று வந்தால் நிம்மதியாகிவிட வேண்டாம். இரண்டு என்று சமமாக வந்தால்தான் அதில் அதிகத் தகவல் இருக்கிறது.

மூன்றாவது ஆயில். எஞ்சினிலிருந்து வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் விட்டு, ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு. ஒட்டாமல் வெள்ளியாய் மின்னினால் அலுமினியம், பிஸ்டனில் இருந்து வந்திருக்கலாம். பொன்னிறமாக இருந்தால் புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்). சொந்த எஞ்சினுக்கு இது அருமையான சோதனை. மாற்றிய எஞ்சினுக்கு முதல் தடவை இதை நான் நம்பமாட்டேன். அந்த ஆயிலில் இருப்பது முந்தைய ஓனரின் பல வருட வரலாறு. புது ஆயில் விட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்துப் பார்த்தால்தான் இப்போதைய நிலை தெரியும். அடி நிஜமாகவே பிக் எண்ட் என்றால், அந்தக் கொஞ்ச தூரமே ராடுக்கு ஆபத்து. எனக்கு வந்த பொடி மிகக் குறைவு. அதில் எந்த முடிவுக்கும் வரவில்லை.

ஆயிலில் பார்க்க வேண்டிய வேறொன்று உண்டு: அது மேலே ஏறுகிறதா என்பது. மேலே வால்வை அமுக்கும் ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டை ஐடிலிங்கில் லேசாகத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். வரவில்லை என்றால் சத்த ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்துவிடுங்கள். பல நாள் சும்மா கிடந்த எஞ்சினில் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஒன்றை மாற்றிப் பார்த்து மற்றவற்றைத் தள்ளும் முறை. செலவே இல்லை, கருவியும் தேவையில்லை. நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் கிளட்சைப் பிடித்துவிட்டேன், சத்தம் மாறவில்லை. அப்படியானால் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டும் கிளட்ச் பேரிங்கும் பெரும்பாலும் இல்லை. வண்டியை ஒரு சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டினேன், சத்தம் இல்லை. ஆகவே பின்செயினோ சக்கரமோ இல்லை. அப்புறம் மூன்றாவது கியரில் மிதமான வேகத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகி, விட்டு, மறுபடி திருகினேன். பிக் எண்ட் தளர்ந்திருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தில் அடி கூடும், குறையும், சில சமயம் இரட்டிக்கும். என் வண்டியில் சத்தம் சுமையைக் கண்டுகொள்ளவே இல்லை; சுற்றின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கியது. கடைசியாக, குளிர்ந்த எஞ்சினில் சத்தம் இல்லை, சூடானதும் வருகிறது. பிஸ்டன் சத்தம் இதற்கு நேர்மாறு. குளிரில் கேட்டுச் சூட்டில் அடங்கும்.

இந்த நான்கு பதில்களையும் சேர்த்து வைத்தால் மிஞ்சுவது: கிராங்கின் வேகத்தில் சுற்றுவது, இடப்பக்கம் இருப்பது, சுமை பாதிக்காதது, கிளட்சுக்கு முன்னால் இருப்பது. அங்கே இருப்பவை பிரைமரி செயின், முன் ஸ்ப்ராக்கெட், ஆல்டர்னேட்டர். மூன்றுமே எஞ்சின் மாற்றும்போது நாங்களே கழற்றி மாட்டியவை. எஞ்சின் மாற்றியதும் வரும் சத்தத்தை 'பழைய எஞ்சின், என்ன கோளாறோ' என்று எஞ்சினின் வயிற்றில் தேடுகிறோம். நம் ஸ்பேனர் பட்ட இடங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஹெட்டைப் பிரேமோடு பிடிக்கும் பட்டை, சைலன்சர் பைப், டேப்பட், செயின் நேர்கோடு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

பிரைமரி மூடியைப் பிடிப்பது நடுவில் ஒரே ஒரு நட்டுதான். ஆயிலை வடித்துவிட்டுத் திறந்தேன். ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டரின் ஒரு பக்கத்தில் கண்ணாடி போல் தேய்ந்த ஒரு கீற்று. அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும். அடிப்பக்கத்தில் நுழையவே இல்லை. புது கிராங்க்கேஸில் ஸ்டேட்டரின் மையம் சற்றே தள்ளிப்போயிருக்கிறது. குளிரில் மயிரிழையில் தப்பித்த இடைவெளி, சூட்டில் மூடிக்கொண்டது.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. உரசல் என்பது சில சமயம் விளைவுதான். காரணம் உள்ளே இருக்கும். கிராங்கின் முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் போய்விட்டது. ஸ்டேட்டரை நகர்த்தி ஒரு பயனும் இல்லை. எனக்கு ஆட்டம் இல்லை. நட்டுகளைத் தளர்த்தி, நான்கு பக்கமும் ஃபீலர் கேஜைச் செருகி வைத்துக்கொண்டே இறுக்கினேன். சத்தம் போய்விட்டது.

சரி, அப்படியானால் பிரித்துப் பார்ப்பது தப்பா? இல்லை. ஆயில் ஏறவில்லை, காந்தத்தில் சின்னச் செதில்கள், ஆக்ஸிலேட்டரோடு ஆடும் கனத்த அடி, இந்த மூன்றில் ஒன்று உறுதியானால் நான் காத்திருக்க மாட்டேன். அந்த மூத்த மெக்கானிக் இறக்கச் சொன்னதில் கெட்ட எண்ணமும் இல்லை. ராடு அடிக்கிற வண்டியை ஓட்டவிட்டு, ராடு கிராங்க்கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தவர் அவர். ஆனால் பிரித்தால் எதனால் சத்தம் வந்தது என்ற தடயமும் சேர்ந்தே கலைந்துவிடும். கேஸ்கெட்டும் கூலியும் தனி. நான்கு வழிகளும் முடிந்த பிறகு வர வேண்டிய ஐந்தாவது வழி அது.

2009 முதல் 2021 வரை வந்த கிளாசிக் 350 போன்ற வண்டிகளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடல், டேப்பட் ஹைட்ராலிக். காஸ்ட் அயர்னில் குளிர்ந்த எஞ்சினில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது, புஷ்ராடு (டேப்பட்டிலிருந்து ராக்கருக்குப் போகும் கம்பி) விரலால் சுலபமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்தச் சோதனைக்கே அங்கே இடமில்லை. தாளம் எண்ணுவதும் கிளட்ச் பிடித்துப் பார்ப்பதும் இரண்டுக்கும் பொது.

என் வண்டியில் இன்னும் ஒரு சத்தம் பாக்கி. காலையில் உதைத்ததும் இரண்டு நிமிடம் மெல்லிய 'டொக் டொக்'. சூடானதும் காணாமல் போகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டரின் உட்சுவருக்கும் இடையே கொஞ்சம் தளர்வு. அடுத்த ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) வரை அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.