கோபாட் பக்கத்துல நின்னு வேலை பார்க்கிறது: சர்வீஸ் முடிஞ்சு திரும்பி வந்தப்புறம் எழுதுறது

தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்டார், அவங்க ஷாப்புக்கு கோபாட் (மனுஷங்க பக்கத்துலயே நின்னு வேலை செய்யுற ரோபோ கை) வருதாம், கூட நின்னு வேலை பார்க்க எப்படி இருக்கும்னு. எவ்வளவு தூரம் எட்டும், எவ்வளவு வெயிட் தூக்கும் எல்லாம் கேட்டலாக்லயே இருக்கு, அத விடுங்க.

எங்க லைன்ல அது சிஎன்சி லேத்துக்கு (கம்ப்யூட்டர் ஓட்டுற கடைசல் மிஷின்) ஜாப், அதாவது கடையுற பீஸ், ஏத்தி இறக்குது. நான் ஓரத்துல நிக்கிற பிசிற எடுத்து, கேஜ் வச்சு அளவு செக் பண்றேன். நல்லத முதல்ல சொல்லிடுறேன், தோள்பட்டை வலி போயிடுச்சு. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியுது, இதுக்காகவே அந்த மிஷினுக்கு நன்றி சொல்லணும், மனசார சொல்றேன்.

ஆனா அந்த ஸ்கேனர் இருக்கே! கோபாட்னா வேலியே வேணாம்னு சொல்லித்தான் கொண்டு வந்தாங்க. 2016-ல வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066-ங்கிற கோபாட் பாதுகாப்பு ஆவணத்துல மனுஷ உடம்புல 29 இடத்துக்கு தனித்தனியா எவ்வளவு அழுத்தம் வரைக்கும் படலாம்னு கணக்கு இருக்கு, ஆனா அந்தக் கணக்கு ரோபோ கையோட சேர்த்து அது பிடிச்சிருக்கிற பொருளையும் பார்க்கும். எங்க ஜாப் ஓரமெல்லாம் கூர், அதனால தரையில லேசர் ஸ்கேனர் வச்சுட்டாங்க, வெளி வட்டத்துல கால் வச்சா மெதுவாகும், உள் வட்டத்துல வச்சா நின்னுடும், அப்புறம் ரீசெட் அமுக்கணும். பாதுகாப்புக்கு அது வேணும், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. எரிச்சல் என்னன்னா யாரு கால் வச்சாலும், ட்ராலி தள்ளிட்டுப் போறவரா இருந்தாலும், ஸ்க்ரீன்ல அந்த ஸ்டாப் ஆபரேட்டர் கணக்குல ஏறுது, ஷிஃப்ட் முடிஞ்சதும் ஏன் இத்தனை ஸ்டாப்னு கேள்வி என்கிட்ட.

இதனால நடந்தது என்ன தெரியுமா, யாரும் என் பக்கம் வர்றதில்ல. பக்கத்து லேத் அண்ணன் முன்னாடி ஜாப்ப கையில எடுத்துட்டு வருவார், இந்த ஃபினிஷ் பாரு, இன்செர்ட் (வெட்டுற முனை) தேஞ்சிருக்குன்னு காட்டுவார். நான் பாதி வேலை கத்துக்கிட்டதே அப்படித்தான். இப்ப அவர் வட்டத்தைச் சுத்திப் போறார், என் பேர்ல ஸ்டாப் ஏறக்கூடாதுன்னு பாவம் அவருக்கு.

போன வாரம் கோபாட்ல ஒரு ஜாயின்ட் போய் அந்தக் கைய கழட்டி சர்வீஸுக்கு அனுப்பிட்டாங்க. எல்லாத்தையும் நாங்களே தூக்கினோம், ரெண்டாவது நாளே தோள் பழைய மாதிரி இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. ஆனா அண்ணன் வந்தார், வேற ரெண்டு பேரும் வந்தாங்க, ரொம்ப நாளா சைஸ் தள்ளிட்டு இருந்த ஒரு ஜாப்ப நின்னு பேசியே சரி பண்ணோம்.

நேத்து கை திரும்பி வந்து ஓடுது. நல்ல மிஷின்தான், ஆனா இப்ப இருக்கிற இந்த செட்டப்ல வேணுமான்னு இன்னைக்கு என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்வேன், தோள் வலியோட சேர்த்தே சொல்றேன். உங்க ஷாப்புக்கு வருதுன்னா, போல்ட் போடுறதுக்கு முன்னாடியே அந்த வட்டம் நடைபாதை மேல விழுதான்னு நின்னு பாருங்க, ஸ்டாப் யார் பேர்ல ஏறும்னு சூப்பர்வைசர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. மாட்டினப்புறம் அத நகர்த்தணும்னா ரிஸ்க் அசெஸ்மென்ட், அதாவது என்ன ஆபத்து வரலாம்னு பார்க்கிற கணக்கு, திரும்ப முதல்ல இருந்து பண்ணணும்பாங்க, யாரும் பண்ண மாட்டாங்க.