குளம் குலமான கதை: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆறு வருடம்

"ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நானும் எங்கள் ஊரைச் சேர்க்கட்டுமா?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம் என்ற இணைய வரைபடம் அது. உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம் ஒரு குளம்.

வரைபடத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. அதை ஆர்கானிக் மேப்ஸ் என்ற கைபேசிச் செயலியில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வண்டிப்பாதை வரை காட்டும். நான் வரைந்த வாய்க்கால் பாலத்தை முதல்முறை அதில் பார்த்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

பெயர்தான் பிரச்சினை. சாலையைச் செயற்கைக்கோள் படம் பார்த்து வரைந்துவிடலாம், பெயர் வானத்திலிருந்து தெரியாது. கூகுள் மேப்பைப் பார்த்து எழுத உரிம விதி இடம் தராது. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். பக்கத்து ஊர்க் குளத்துக்குப் பலகை கிடையாது. முதல் ஞாயிறு போய், "இது பழைய குளம்தானே?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். அப்படிக் கேட்டதே தப்பு. அசலூர்க்காரன் எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும், "இந்தக் குளத்துக்கு என்ன பேரு?" என்று மட்டும் கேட்டேன். ஆடு மேய்ப்பவர், மடை திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சி, டீக்கடைப் பாட்டி மூவரும் தனித்தனியாகப் பாளையங்குளம் என்றார்கள். மேற்குக் கரைக்காரர்கள் மட்டும் பெரியகுளம் என்கிறார்கள். அதை மாற்றுப்பெயர்க் கட்டத்தில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், யாரோ ஒருவர் ஆங்கில எழுத்துகளை வைத்துக்கொண்டு அதைப் 'பலயன்குலம்' ஆக்கியிருக்கிறார். அதே நாளில் அவர் இப்படி மாற்றிய ஊர்கள் நூற்றுக்கும் மேல். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது. பழனியின் ழகரமும் பாளையத்தின் ளகரமும் ஒரே எழுத்தாகத்தான் நிற்கும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றிய ஆணையை வெளியிட்டது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகவே அவ்வளவு சிக்கல். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு யூகித்து வரலாமா?

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் பெயரே இல்லாத ஊர்களைப் பார்த்து ஆதங்கப்பட்டிருப்பார். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் என்றைக்காவது ஒருவர் விசாரித்து நிரப்புவார். தப்பாக நிரம்பிவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. பழைய பெயர் திருத்த வரலாற்றில் இருந்ததால் சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. கோபம் மட்டும் ஆறவில்லை.

அதனால் நண்பனிடம் சொன்னது இதுதான்: பாதையை வரை, கிணற்றை வரை, கோயிலை வரை. பெயர்க் கட்டத்தை மட்டும் இப்போது தொடாதே. பொங்கலுக்கு ஊருக்குப் போவாய் இல்லையா, அம்மாச்சியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா.