ஜவ்வாது மலைக்கு மூட்டையோடு ஏற எந்த சைக்கிள்?

நெடுந்தூரப் பயணத்துக்கு சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் வண்டியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். 12 கிலோவா, 14 கிலோவா? கூடாரம், படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 20 கிலோ ஏறிய பிறகு அந்த 2 கிலோ கணக்கிலேயே வராது. பார்க்க வேண்டியது பின்சக்கரம், மிகக் குறைந்த கியர், கேரியர் மாட்ட ஃபிரேமில் மரை போட்ட துளை. வேலூரிலிருந்து கிளம்பினால் இவற்றின் தரம் முதல் நாளே தெரிந்துவிடும். வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் எந்த வண்டியும் ஓடும். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர், ஜமுனாமரத்தூர் பக்கம் திரும்பினாலோ, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போனாலோதான் வித்தியாசம் புரியும்.

முதலில் நம்ம ஊர் கறுப்பு ரோட்ஸ்டர். பால் கேனும் நெல் மூட்டையும் சுமந்த வண்டி. பின்சக்கரத்தில் 40 ஸ்போக், கனமான ஸ்டீல் கேரியர், எந்தக் கிராமத்திலும் கிடைக்கும் டயர். சுமை தாங்குவதில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 5.4 மீட்டர் போகும். மலையில் அதை மிதிக்க முடியாது, தள்ளத்தான் வேண்டும். இறக்கத்தில் கம்பி பிரேக்கை நம்பி 20 கிலோவோடு வருவது ஆபத்து. குடியாத்தம், ஆற்காடு, திருவண்ணாமலை என்று சமவெளியில் சுற்றுவதற்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது இன்று பலரும் வாங்கும் அலுமினிய ஹைபிரிட், அதாவது சாலை வண்டியும் மலை சைக்கிளும் கலந்த வகை. கியர் இருக்கிறது, வேகமாகப் போகும். சிக்கல் பின்பக்கம். ஃபிரேமின் பின்பகுதி குட்டையாக இருப்பதால், பெரிய பைகளைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். பையைப் பின்னுக்குத் தள்ளினால் எடை அச்சுக்குப் பின்னால் போய், ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி வண்டி ஆடும். சஸ்பென்ஷன் ஃபோர்க் இருந்தால் முன்னால் கேரியர் மாட்டவும் பெரும்பாலும் வழியில்லை. இன்னொன்று, ஹைபிரிட்டில் வரும் 700சி சக்கரத்தையும் ரோட்ஸ்டர் சக்கரத்தையும் கடையில் 28 அங்குலம் என்றே சொல்வார்கள். ரோட்ஸ்டர் ரிம்மின் அளவு 635 மி.மீ., 700சி-யின் அளவு 622. ஒன்றின் டயர் மற்றொன்றில் உட்காராது. சீமைக் கருவேலம் முள் டயரைக் கிழித்துவிட்டால் கிராமத்துப் பஞ்சர் கடையில் மாற்று டயர் கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது, இதற்கென்றே செய்த ஸ்டீல் டூரிங் வண்டி. அமெரிக்காவின் சர்லி நிறுவனம் முன்பு தயாரித்த லாங் ஹால் டிரக்கர் இந்த வகைக்கு நல்ல உதாரணம். பின்பகுதி 46 செ.மீ. நீளம், அதனால் குதிகால் இடிக்காது. முன்னும் பின்னும் கேரியர் துளைகள், உபரி ஸ்போக் வைக்கவும் ஃபிரேமிலேயே இடம். முன்னால் 26, பின்னால் 34 பல் போட்டால் பெடலின் ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டருக்கும் குறைவு, ஜவ்வாது மலையை உட்கார்ந்தபடியே ஏறலாம். வண்டியில் குறையில்லை, விலைதான். வரவழைக்கும் செலவில் இங்கே ஒரு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம்.

என் ஓட்டு நான்காவதற்கு: சஸ்பென்ஷன் இல்லாத, 26 அங்குலச் சக்கரம் போட்ட பழைய ஸ்டீல் மலை சைக்கிள், கியரோடு. செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விடாதீர்கள். பின்பகுதி ஓரளவு நீளம், டயரும் ட்யூபும் சின்ன ஊர்களில்கூடக் கிடைக்கும். ஃபிரேமில் விரிசல் விட்டால் வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்துக்கொண்டு வீடு சேரலாம். அலுமினியத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஆனால் வாங்கியதும் பின்சக்கரத்தை மாற்றியாக வேண்டும். இந்த வண்டிகளில் பெரும்பாலும், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் மேல் பல்சக்கரக் கொத்தைத் திருகி மாட்டும் ஃப்ரீவீல்தான் இருக்கும். அதில் செயின் பக்கத்து பேரிங், ஃப்ரீவீலுக்கு உட்புறம் தங்கிவிடுகிறது. பேரிங்கிலிருந்து ஃபிரேம் வரை ஆக்ஸில் ஆதரவில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். மூட்டையோடு ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்த இடத்தில்தான் வளையும், சில சமயம் உடையும். பல்சக்கரக் கொத்தைத் திருகாமல் செருகி மாட்டும் கேசட் ஹப்பில் பேரிங் ஓரத்துக்கே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. 36 துளை கேசட் ஹப், 36 துளை ரிம் வாங்கி, நிதானமாகக் கட்டும் கைகாரரிடம் கொடுங்கள். செயின் பக்கத்து ஸ்போக்குகள் மற்ற பக்கத்தைவிட இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்து ஸ்போக்குகளைத் தட்டினால் எல்லாம் ஒரே சுருதியில் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாகக் கேட்டால் மூட்டை ஏற்றுவதற்கு முன்பே கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். பின்ஃபோர்க்கின் உள் இடைவெளி 135 மி.மீ. இருக்கிறதா என்று வாங்கும்போதே ஸ்கேல் வைத்துப் பாருங்கள், அதற்குக் குறைவாக இருந்தால் இன்றைய கேசட் ஹப் சரியாக உட்காராது.