தொண்டு நிறுவனச் செய்திமடலுக்கு ஸ்கிரைபஸ்: பழகிய பிறகு எழுதுவது

எங்கள் அறக்கட்டளையின் மடல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 8 பக்கம். அந்தச் சில நாள் வேலைக்காக இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மாதாமாதம் சந்தா கட்டுவது கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸுக்கு வந்தோம்.

ஆனால் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது, தமிழ் ஒழுங்காக வருகிறதா என்பது. ஸ்கிரைபஸின் 1.4 வரிசையில் யூனிகோட் தமிழ் உடைந்துபோகும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2017இல் வந்த 1.5.3இல், எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்த பிறகுதான் இது சரியானது. இப்போது இறக்குகிறவர்கள் 2024 ஜனவரியில் வெளியான 1.6 அல்லது அதற்குப் பிந்தையதையே எடுங்கள். அஃபினிட்டி என்ற இன்னொரு வடிவமைப்பு மென்பொருளும் 2025 அக்டோபரிலிருந்து இலவசம்தான். ஆனால் அதன் 2ஆம் பதிப்பு வரை தமிழ் எழுத்துகள் சேராது. எந்த மென்பொருளானாலும் 'கொக்கு, பௌர்ணமி, ஸ்ரீ' என்று தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பக்க அமைப்பில் என்னைப் படுத்தியது, நாளிதழில் இருப்பதுபோல் பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் பத்திகளின் அகலம்தான். மூன்று பத்தி போட்டு இருபுறமும் சமன் செய்தால், 'நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளது' போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவி, மேல் வரியில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இப்போது இரண்டே பத்தி, இடப்பக்கம் மட்டும் சீர். பார்க்கவும் நன்றாக இருக்கிறது, படிக்கவும் எளிது. மாஸ்டர் பேஜ் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அமைப்பு), பாராகிராஃப் ஸ்டைல் (எழுத்தின் அளவு, இடைவெளி போன்றவற்றின் தொகுப்பு) இரண்டையும் ஒருமுறை உட்கார்ந்து அமைத்துவிட்டால் அடுத்த இதழுக்கு எழுத்தைக் கொட்டினால் போதும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். உரிமம் பற்றிய கவலை இல்லை.

அப்புறம் அச்சகம். "கர்வ் பண்ணிக் கொடுங்க" என்பார்கள். எழுத்துருவாக இல்லாமல் வடிவமாகக் கொடுங்கள் என்று பொருள். பி.டி.எஃப். ஏற்றுமதியில் எழுத்துகளை வெறும் கோட்டுருவாக மாற்றும் வசதி இருக்கிறது, அதையே தேர்ந்தெடுக்கிறேன். அச்சுக்கென்றே உள்ள பி.டி.எஃப்./எக்ஸ் வகையைக் கேட்டால் முதலில் ஸ்கிரைபஸில் வண்ண மேலாண்மையை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தேர்வே கண்ணில் படாது. சுற்றி 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க விடும் கூடுதல் பகுதி) விடுங்கள்.

படங்களைக் கோப்புக்குள் ஸ்கிரைபஸ் வைத்துக்கொள்வதில்லை, இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். வேறு கணினிக்கு அனுப்பும் முன் 'கலெக்ட் ஃபார் அவுட்புட்' கொடுத்தால் எல்லாம் ஒரே கோப்புறையில் சேர்ந்துவிடும்.

அட்டவணை மட்டும் ஸ்கிரைபஸில் சுகமில்லை. வரவு செலவுக் கணக்கை லிப்ரே ஆபீஸில் போட்டு, பி.டி.எஃப். ஆக்கி உள்ளே வைக்கிறேன்.