கடலோர நடைபாதை: குத்தகையா, திறந்தவெளியா?

கடலோர நடைபாதையை உணவகங்களுக்குக் குத்தகைக்கு விட்டால் பணம் வரும். உப்புக்காற்றில் துருப்பிடித்த கைப்பிடிக் கம்பிகளை மாற்ற அது உதவும். எதிர்ப்பவர்களும் இதை மறுப்பதில்லை. அவர்களை உறுத்துவது வேறு: உணவகத்தின் நாற்காலிகள் அடியடியாக முன்னே நகரும், பிறகு சங்கிலி கட்டுவார்கள், கடைசியில் காசு கொடுத்து உட்கார்ந்தால்தான் அலையைப் பார்க்கலாம். நீண்டகாலக் குத்தகையை இடையில் முறித்தால் இழப்பீடு வேறு கேட்பார்கள்.

திறந்தவெளியாக விட்டால் வருமானம் இல்லை, கழிப்பறையும் நாறலாம். ஆனாலும் சிகாகோ ஏரிக்கரையைப் பாருங்கள் (கடல் இல்லைதான்). கட்டடங்களின்றி என்றும் திறந்திருக்க வேண்டிய பொதுநிலம் என்று 1836இல் வரைபடத்தில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அந்நகர வணிகர் மாண்ட்கோமரி வார்ட் 1890 முதல் வழக்காடினார், வென்றார்.

என் வாக்கு இதற்கே. தள்ளுவண்டிகளை மட்டும் அனுமதிக்கலாம். சக்கரம் இருப்பதால் இரவில் நகர்ந்துவிடும்.