முழங்கால் வலிக்கு சி.பி.டி. எண்ணெய்: மாத்திரையை விட்டுவிட்டு நம்பலாமா?

பிரித்தானியாவில் வாழும் மகளின் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் நான் பயன்படுத்திய, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயைப் பற்றி, இலங்கை மலையகத்தின் ஹட்டனில் என்னைச் சந்திப்பவர்கள் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். "டீச்சர், அந்த எண்ணெய் இங்க எங்கயாவது கிடைக்குமா?" என்று சந்தையில் வைத்தே கேட்டவர்களும் உண்டு. கேட்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல முழங்கால் தேய்ந்தவர்கள், அல்லது கழுத்திலும் இடுப்பிலும் தீராத வலியோடு தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் வரிசையில் நின்று வாங்கும் மாத்திரைகளை நிறுத்திவிட்டு இந்த எண்ணெய்க்கு மாறலாமா என்பதே அவர்களுடைய கேள்வி. மாற வேண்டாம் என்பது என் பதில். ஆனால் இரவெல்லாம் வலியில் புரண்டு படுப்பவரிடம் வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது என்பதால், காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாற்று மருந்தைத் தேடுவதில் தவறேதும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்த, செங்குத்தான மலையில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கிய என் அம்மா, வலி தாங்காத நாட்களில் கடையில் டைக்லோபெனக் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போனவர். அந்த வகை மாத்திரைகள் வலியைத் தணிப்பது உண்மை. நெடுங்காலம் விழுங்கினால் வயிற்றில் புண்ணை உண்டாக்கி இரத்தக் கசிவு வரை கொண்டுபோய் விடலாம் என்பதும், பிரசரை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பதும் அதே அளவுக்கு உண்மை. எனக்கும் நெஞ்செரிச்சல் தொடங்கி, பிரசரும் ஏறியபோது, டைக்லோபெனக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டார் கிளினிக் வைத்தியர். பரசிட்டமோல் மட்டும் போதாத நிலையில்தான் மகள் இந்த எண்ணெயைப் பற்றிச் சொன்னாள்.

கஞ்சாச் செடியில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கனபினொயிட் சேர்மங்களில் ஒன்றுதான் கனபிடியோல் எனப்படும் சி.பி.டி. போதையை ஏற்றும் சேர்மம் டி.எச்.சி. என்ற வேறொன்று, சி.பி.டி. போதை தருவதில்லை. பிரித்தானியாவில் இது மருந்தாக அல்லாமல் உணவுத் துணைப்பொருளாகவே கடைகளில் விற்கப்படுகிறது. நாங்கள் வாங்கியது பத்து மில்லிலீற்றர் கொண்ட சிறிய பழுப்புக் கண்ணாடிப் போத்தல். மூடியோடு சேர்ந்த துளிசொட்டியும், ஆயிரம் மில்லிகிராம் சி.பி.டி. என்ற லேபிளும் இருந்தன. விலை முப்பது பவுணுக்குச் சற்று மேல். துளிகளை நாக்குக்கு அடியில் விட்டு ஒரு நிமிடம் வைத்திருந்து விழுங்க வேண்டும். புதினா வாசனை சேர்த்திருந்தும், காய்ந்த புல்லை மென்றது போன்ற கசப்பு தொண்டையில் நெடுநேரம் தங்கியது.

அந்த லேபிளை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறேன். எங்கு தேடினாலும் அதில் வலி என்ற சொல்லைக் காண முடியவில்லை. மருந்துக்கான அனுமதி பெறாத ஒரு பொருள், நோயைத் தீர்க்கும் என்று அந்த நாட்டில் உரிமை கோர முடியாது என்பதே காரணம். கடையில் நின்ற பிள்ளையோ, மூட்டுவலிக்காகப் பலர் வாங்கிப் போவதாக வாயால் சொன்னாள். அச்சில் எழுதத் துணியாததை வாயால் சொல்லி விற்கிறார்கள் என்பது அப்போதே எனக்கு உறுத்தலாக இருந்தது.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ இருபது துளிகள் என்று கொண்டால் போத்தலில் இருநூறு துளிகள். துளி ஒன்றில் ஐந்து மில்லிகிராம். ஆரோக்கியமான வளர்ந்தவர்கள் நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று பிரித்தானிய உணவுத் தர நிறுவனம் 2023 ஒக்டோபரில் அறிவுறுத்தியது. அதற்கு முன்னர் அந்த வரம்பு எழுபது மில்லிகிராமாக இருந்தது. புதிய வரம்பின்படி நாளுக்கு இரண்டு துளிகள். போத்தலோடு வந்த தாளில் இருந்த அளவோ அதைப் போலப் பல மடங்கு. நான் இரண்டு துளியில் தொடங்கி, மகளின் குடும்ப வைத்தியரிடம் என் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டிக் கேட்ட பிறகே சற்றுக் கூட்டினேன்.

முழங்காலில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. மகளின் வீட்டில் படுக்கையறை மாடியில் இருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கும் என் நடை, எண்ணெயைத் தொடங்கியபோது எப்படி இருந்ததோ போத்தல் தீர்ந்தபோதும் அப்படியே இருந்தது. காலையில் எழுந்ததும் மூட்டில் இருக்கும் விறைப்பும் குறையவில்லை. தூக்கம் மட்டும் சற்று ஆழமாக வந்தது என்று நினைக்கிறேன். அது எண்ணெயால் வந்ததா, பேரப்பிள்ளைகளோடு பகலெல்லாம் நடந்த களைப்பால் வந்ததா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. அளவைக் கூட்டியபோது வயிறு இளகிப் போனது, இது சி.பி.டி.க்கு நன்கு தெரிந்த பக்கவிளைவுகளில் ஒன்று.

ஒருவருடைய முழங்காலை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் முறையான பரிசோதனைகளும் என் அனுபவத்தையே சொல்கின்றன. முழங்கால் தேய்வு உள்ள 86 பேரைக் கொண்டு வியன்னாவில் நடந்த ஆய்வில், பரசிட்டமோலோடு நாளுக்கு 600 மில்லிகிராம் சி.பி.டி.யை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மருந்து (மருந்துச் சத்து எதுவும் இல்லாத போலி மருந்து) பெற்றவர்களைவிட அவர்களுக்குக் கூடுதலான வலி நிவாரணம் கிடைக்கவில்லை என்று 2023இல் அறிக்கை வெளியானது. அறுநூறு மில்லிகிராம் என்பது என் போத்தலில் பாதிக்கு மேல். அதை ஒரே நாளில் கொடுத்தும் பலனில்லை என்பதைக் கவனியுங்கள். கைவிரல் மூட்டு நோய் உள்ள 136 பேரிடம் டென்மார்க்கில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வின் முடிவும் இதுவே. இவ்வகையான 16 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகக் குழு, அவற்றில் 15இல் சி.பி.டி.க்கு வெற்று மருந்தை மிஞ்சிய பலன் இல்லை என்று கண்டது.

அப்படியானால் குணமானதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா என்று கேட்டால், நிச்சயமாக இல்லை. கஞ்சா சார்ந்த வலி மருந்துகளைப் பற்றிய 20 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் கணிசமாக வலி குறைந்ததைக் காட்டியது. வலியை உணர்வது மூளை. நம்பிக்கையும் பரிவும் அதைத் தணிப்பது உண்மையே. அந்த நிவாரணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதை முப்பது பவுண் கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

சி.பி.டி. பயனற்ற பொருள் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. சிறு பிள்ளைகளைத் தாக்கும் டிராவே, லெனொக்ஸ்-காஸ்டோ என்ற கடுமையான வலிப்பு நோய்களுக்கு எபிடியோலெக்ஸ் என்ற சி.பி.டி. மருந்தை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அங்கீகரித்தது. அதில் வழக்கமான அளவு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 500 மில்லிகிராம். கடையில் வாங்கும் போத்தல் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். வைத்தியரின் கண்காணிப்பில், ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையோடு கொடுக்கப்படும் அந்த மருந்தின் பெயரைச் சொல்லி இந்த இரண்டு துளி எண்ணெயை விற்பது பொருந்தாது.

போத்தலுக்குள் இருப்பது லேபிளில் எழுதியிருப்பதுதானா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை ஆய்வுகூடத்தில் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தவை 31 வீதம் மட்டுமே. 18 பொருட்களில் டி.எச்.சி.யும் கலந்திருந்தது. இன்னொரு ஏமாற்றும் உண்டு. கஞ்சாச் செடியின் விதையைப் பிழிந்து எடுக்கும் சமையல் எண்ணெயில் சி.பி.டி. அனேகமாக இல்லை, அதைச் சிறிய போத்தலில் அடைத்து, எண்ணெயின் மொத்த எடையையே மில்லிகிராமில் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். பத்தாயிரம் மில்லிகிராம் என்று பார்த்தவுடன் வீரியமானது என்று எண்ணுபவர் வாங்குவது, பத்துக் கிராம் விதை எண்ணெயை.

நான் உண்மையில் அஞ்சுவது பணம் வீணாவதை அல்ல. இந்த எண்ணெயை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துவதை. ட்ரமடோல், ப்ரீகபலின், கபபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற, வலிக்குக் கொடுக்கும் மாத்திரைகளைப் பல மாதங்கள் எடுத்தவர் ஒரே நாளில் விட்டால், தூக்கமின்மை, வியர்வை, பதற்றம், குமட்டல் என்று உடல் தடுமாறும். ப்ரீகபலினையும் கபபென்டினையும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். இவற்றைக் குறைக்க வேண்டுமானால் வைத்தியர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிறுத்தாமல் எண்ணெயையும் சேர்த்து எடுப்பவருக்கு வேறு ஆபத்து காத்திருக்கிறது. பல மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியங்களின் வேலையை சி.பி.டி. மந்தமாக்குகிறது. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவருக்கு அதன் வீரியம் கூடி இரத்தக் கசிவு ஏற்படலாம். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர் எடுக்கும் டக்ரோலிமஸின் அளவு இரத்தத்தில் ஏறலாம். வலிப்புக்கு வல்ப்ரோவேட் எடுப்பவரின் ஈரல் பாதிக்கப்படலாம். தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளோடு சேரும்போது மயக்கம் கூடும். வழுக்கும் படிக்கட்டும் மழையும் உள்ள நம் தோட்டத்து லயன் வீடுகளில் ஒரு வயதானவர் இரவில் எழுந்து விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மதுப் பழக்கத்தால் ஏற்கெனவே ஈரல் கெட்டவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

இலங்கைச் சட்டத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சமூக ஊடகங்களில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், கஞ்சாவை அனுமதியின்றி வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் வழியாக ஆயுர்வேத வைத்தியர்கள் மருந்து தயாரிக்க அரசிடமிருந்து அனுமதியோடு பெறும் ஏற்பாடு உண்டு. அது தனியார் ஒருவர் லண்டன் போத்தலை வைத்திருப்பதற்கான அனுமதி ஆகாது. மருந்தென்று இங்கு விற்கப்படுவது, 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். தர மறுக்கும் விற்பனையாளரோடு பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியபின் எனக்குப் பயன் தந்தது, அரசாங்க வைத்தியசாலையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் இலவசமாகச் சொல்லித்தந்த பயிற்சி. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கிச் சற்று நேரம் பிடித்துப் பின் மெதுவாக இறக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும் இந்தப் பயிற்சியை விடாமல் செய்து வந்த பிறகு, கோவில் படிகளில் கைப்பிடியை முன்போல இறுகப் பற்றாமலே இறங்குகிறேன். மாத்திரைக்குப் பதிலாக டைக்லோபெனக் ஜெல்லை முழங்காலில் பூசலாம் என்று வைத்தியர் அனுமதித்தார். பூசும் ஜெல்லில் இரத்தத்துக்குள் போகும் அளவு மிகக் குறைவு என்பதால் வயிறும் பிரசரும் தப்புகின்றன, முழங்கால் தேய்வுக்கு அது உதவுவதற்கான சான்றும் வலுவாகவே உள்ளது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுபவர்கள் நம்மிடையே அதிகம். கொப்பியைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள்; மாற்றித் தருவதற்கு அவர்களிடம் வேறு வழிகள் உண்டு.

வலி மருந்து என்ற வகையில் இந்த எண்ணெய்க்கு ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். அந்த ஒன்றும், லேபிளில் பொய் எழுதாமல் இருந்ததற்காக. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அன்பினால் இதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடக்கூடும் என்பதால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நம் ஊருக்கு வரும் விமானங்களில் பல துபாய், அபுதாபி வழியாகவே வருகின்றன. ஐக்கிய அரபு இராச்சியத்தில் சி.பி.டி. எண்ணெயும் தடைசெய்யப்பட்ட பொருள்தான், விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்குபவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.