எது அடிப்படை, எது துணை: கிறிஸ்தவ வீட்டுக்கல்வி முறைகள் ஓர் ஒப்பீடு

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடிவுசெய்த கிறிஸ்தவப் பெற்றோரிடம் எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று கேட்டால், எல்லாவற்றிலும் உள்ள நல்லதை எடுத்துக் கலந்துகொள்கிறோம் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் எது அடிப்படை, எது துணை என்ற தீர்மானம் அதில் இல்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் சேர்த்துக் கொதிக்க வைத்தால் ஒடியற் கூழ் ருசிக்கும்; பிள்ளையின் கால அட்டவணை ருசிக்காது. வீட்டுக்கல்வி பற்றி இன்று கிடைக்கும் நூல்களும் பாடத்திட்டங்களும் பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்தவை. யாழ்ப்பாணத்தில் தமிழில் பேசி, தமிழில் ஜெபித்து, முடிவில் இலங்கைப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டிய பிள்ளைக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதை வைத்தே இங்கே அவற்றை ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு நடைமுறை விடயம். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்னர் 14 ஆக இருந்த மேல் வயதெல்லை 2016 இல் உயர்த்தப்பட்டது. ஆகவே பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்காமல் விட எண்ணுவோர் தமது வலயக் கல்விப் பணிமனையில் எழுத்து மூலம் விளக்கம் பெற்றுக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டாரின் அபிப்பிராயம் இதற்குப் போதாது.

கிறிஸ்தவ வீட்டுக்கல்வியில் அதிகம் பேசப்படுபவை இரண்டு: சார்லட் மேசன் முறையும் செந்நெறிக் கல்வி முறையும். மேசன் (1842–1923) ஆங்கிலிக்கன் பின்னணியிலிருந்து வந்த கல்வியாளர். வீட்டுக்கல்வி பற்றிய அவரது நூல் 1886 இல் வெளிவந்தது. 1892 இல் ஆம்பிள்சைட் என்ற ஊரில் ஆசிரியைகளுக்கான பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். பிள்ளை பிறக்கும்போதே முழு ஆளாகப் பிறக்கிறது என்பது அவர் கொள்கை. 6 வயது வரை முறையான பாடம் வேண்டாம். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நல்ல நூலொன்றிலிருந்து ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசித்ததும் பிள்ளை அதைத் தன் சொற்களில் மீளக் கூற வேண்டும். பிற்பகலில் வெளியே சென்று இயற்கையைப் பார்த்து வரைய வேண்டும்.

இவற்றுள் மீளக்கூறல் என்ற பயிற்சி ஆங்கிலப் பிள்ளையை விடத் தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது என்பது என் கணிப்பு. நமது வீட்டுப் பேச்சுக்கும் நூல் நடைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. பல வீடுகளில் வாசிக்கப்படும் வேதாகமம் 1871 இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அந்த நடையில் யோசேப்பின் சரித்திரத்தைக் கேட்கும் எட்டு வயதுப் பிள்ளை, “தமையன்மார் அவனைக் குழிக்குள்ள போட்டிட்டினம்” என்று யாழ்ப்பாணப் பேச்சில் சொல்லி முடிக்கும்போது, விளங்கியது எது, விளங்காதது எது என்பது தாய்க்குத் தனிக் கேள்விகள் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. பத்து வயதளவில் அதையே எழுத்தில் கூறச் சொல்வது மேசனின் அடுத்த படி. அப்போது பிள்ளை பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்குத் தானே கடந்து வருகிறது. கட்டுரைப் பயிற்சிக்கென்று தனிக் கொப்பி வாங்கத் தேவையில்லை. இந்த முறையில் பெற்றோர் கதையின் முடிவில் நீதி சொல்வதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். வேதபாடத்தைப் பிரசங்கமாக்கிப் பழகிய நமக்கு இது கடினம்தான்.

இயற்கைப் பாடத்தில் மேசனை அப்படியே பின்பற்றினால் ஓக் மரத்தையும் ராபின் குருவியையும் படத்தில் பார்த்து வரைய நேரும். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதையும், புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதையும், மழைக்காலத்துக்குப் பின் சுண்டிக்குளத்தில் பூநாரைகள் இறங்குவதையும் குறித்து வைக்கும் கொப்பியே இங்கு அந்த முறையின் உண்மையான வடிவம். நிலத்தடி நீரை வரம்பின்றி இறைத்தால் உப்பு ஏறும் என்பதை இங்குள்ள பிள்ளைக்குப் பாடநூலுக்கு முன்பே கிணறு கற்றுக்கொடுக்கும்.

மேசன் முறையின் பெரிய குறை நூல்கள். வரலாற்றையும் விஞ்ஞானத்தையும் கதைபோல நீளமாகச் சொல்லும் சிறுவர் நூல்கள் ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கின்றன. தமிழில் தேடித்தான் எடுக்க வேண்டும். யாழ் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியும் பழைய புத்தகக் கடைகளும் ஓரளவு உதவும். அதற்குப் பிறகு ஆங்கில நூலைத் தாய் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் நிலை வருகிறது. அது தாயின் நேரத்தை விழுங்கும்.

செந்நெறிக் கல்வி வேறொரு வழி. பழைய ஐரோப்பியக் கல்வியின் இலக்கணம், தருக்கம், அணி என்ற மூன்று படிகளையும் பிள்ளையின் வளர்ச்சிப் பருவங்களோடு பொருத்திக் காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் டொரதி செயர்ஸ். 1947 இல் ஒக்ஸ்போர்டில் அவர் ஆற்றிய உரையிலிருந்தே இன்றைய கிறிஸ்தவச் செந்நெறிப் பள்ளிகள் பலவும் தமது திட்டத்தை எடுத்துக்கொண்டன. சிறு வயதில் மனனம், இடை வயதில் விவாதம், பின்பு அழகாக வெளிப்படுத்தல் என்பது சுருக்கம். முதற் படியைக் கேட்டதும் நமக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று மனனத்தில் தொடங்கிப் பிறகு பொருளுக்குச் சென்ற மரபு இங்கே ஏற்கெனவே இருந்தது. ஆகவே இலத்தீன் வாய்பாடுகளை இறக்குமதி செய்யும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்குச் சற்று வியப்பு ஏற்படுகிறது. அந்த இடத்தை நன்னூலும் குறளும் நிரப்பும்.

கிறிஸ்தவப் பெற்றோருக்கு இங்கே ஒரு நியாயமான தயக்கம் உண்டு. ஆத்திசூடியின் காப்பு சைவக் கடவுளைப் பாடுகிறது. காப்பை விட்டுவிட்டு “அறஞ்செய விரும்பு” என்று தொடங்குவோர் உண்டு; அது யாரைப் பாடுகிறது என்று விளக்கிப் படிப்பிப்போரும் உண்டு. அயல்வீட்டுப் பிள்ளை என்ன பாடுகிறது என்று தெரியாமல் யாழ்ப்பாணத்தில் வளர முடியாது என்பதால் இரண்டாவது வழியையே நான் விரும்புகிறேன். கூடவே கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் வீரமாமுனிவரின் தேம்பாவணியிலிருந்து தேர்ந்த சில பாடல்களும் மனனத்துக்கு இருக்கின்றன. கீர்த்தனைகளைக் கோவிலில் பாடிப் பாடியே பிள்ளைகள் பாதி மனனம் செய்துவிடுகிறார்கள்.

முறைகளைக் கலப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி என்ற உயர்கல்வி நிலையத்தில் வேதாகமமும் ஆங்கிலமும் மேலைக் கணிதமும் வானியலும் தமிழ் இலக்கண இலக்கியங்களோடு சேர்த்துப் படிப்பிக்கப்பட்டன. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறினர். ஆனால் அதற்கு முன்பே, 1855 இல், செமினரி மூடப்பட்டுவிட்டது. ஆங்கிலத்துக்கு அங்கே கொடுக்கப்பட்ட இடத்தை அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு ஏற்கவில்லை. எந்த மொழி அடிப்படை என்ற கேள்வியைத் தீர்க்காமல் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

மேசனும் செந்நெறியும் நேராக மோதும் இடம் ஒன்று: முன்னது பிள்ளையின் சொந்தச் சொல்லைக் கேட்கிறது, பின்னது நூலின் சொல்லையே கேட்கிறது. இதைப் பாடப்பொருளை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். சங்கீதம், குறள், வாய்பாடு, விசுவாசப்பிரமாணம் ஆகியவற்றில் ஒரு சொல் மாறினாலும் பிழை, அவை மனனத்துக்குரியவை. வேதாகமச் சரித்திரமும் இலங்கை வரலாறும் உயிரியலும் மீளக்கூறலுக்குரியவை. ஒரே பகுதியை இரண்டு விதமாகவும் செய்விக்கும் வீடுகளில் பிள்ளை இரண்டையும் வெறுத்துவிடும்.

மற்ற முறைகளைப் பற்றி அவ்வளவு சொல்லத் தேவையில்லை. அமெரிக்கக் கிறிஸ்தவப் பணிநூல் பொதிகள் பெற்றோரின் நேரத்தை மிச்சப்படுத்தும். பிள்ளை தானே வாசித்து, வெற்றிடம் நிரப்பி, விடைப்புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஒழுங்கு அவற்றில் உண்டு. விலை டொலரில், வரலாறு அமெரிக்க வரலாறு, முழுவதும் ஆங்கிலம். ஆங்கில வாசிப்புப் பயிற்சிக்கு ஒன்றிரண்டு வாங்கலாம், முழுப் பாடத்திட்டமாக வேண்டாம் என்பது என் கருத்து. மரியா மொண்டிசோரி 1944 இல் இலங்கைக்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அவரது கைப்பயிற்சிகள் மிகப் பொருத்தமானவை, விலை கூடிய மரச் சாதனங்கள் இல்லாமலே அவற்றில் பலவற்றைச் செய்விக்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் ஜோன் ஹோல்ட் 1970களில் முன்வைத்த, பாடத்திட்டமே இல்லாமல் பிள்ளையின் ஆர்வத்தின் வழியே விடும் முறை, பன்னிரண்டு வயதுக்குப் பின் பரீட்சையை எதிர்நோக்கும் இலங்கைப் பிள்ளைக்கு ஆபத்தானது. சனிக்கிழமைப் பிற்பகல்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பரீட்சை என்றதும் முழுக் கணக்கும் மாறுகிறது. தரம் 11 இன் முடிவில் வரும் பொதுப் பரீட்சையான க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மூன்று தொகுதிகளிலிருந்து மேலும் மூன்று பாடங்கள் தெரிவுசெய்ய வேண்டும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். அரசாங்கப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். கணிதத்தில் மட்டும் தரம் 1 முதலே இந்த நூல்களின் வரிசையை விட்டு விலகாமல் இருப்பது பாதுகாப்பு. அங்கே கலப்புக்கு இடம் வைக்க வேண்டாம். ஏனைய பாடங்களில் தரம் 8 வரை மேசன் முறையை அடிப்படையாக வைத்து, தரம் 9 இலிருந்து பாடநூலை முன்னுக்குக் கொண்டுவரலாம்.

தரம் 10 இல் பெரும்பாலான வீடுகள் ரியூசனுக்கு அனுப்பும். அதையும் ஒரு கற்பித்தல் முறையாகவே கணக்கில் எடுக்க வேண்டும்: பெரிய வகுப்பு, வேகமான குறிப்பு, கடந்தகால வினாத்தாள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அது உதவும், அனுப்பலாம். தமிழையும் வரலாற்றையும் கிறிஸ்தவ சமய பாடத்தையும் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. பத்து வயதிலிருந்து எழுத்தில் மீளக் கூறிவந்த பிள்ளை கட்டுரை வினாவுக்கு வேறொருவரின் குறிப்பை நம்பி இருக்காது.